அக்கரைன்னா எந்தக் கரை?

ஒரு ஊர்ல ஒரு அக்கா, ஒரு தம்பி. அக்கா பேரு பாவாயி, தம்பி பேரு வையாபுரி. அப்பா அம்மா கிடையாது. அவளுக்கு அவன், அவனுக்கு அவ. அக்காவைக் காவிரி ஓரமா, ரொம்பத் தள்ளி, ஓடப்பாளையத்துல கட்டிக் குடுத்துட்டாங்க. அவளுக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சு. அதுக்குக் காது குத்தணும். யார் மடியில வச்சுக் குத்துவாங்க, சொல்லு அம்மு?

"மாமா மடியில."

ஆங்! மாமன் வரலைன்னா, பொறந்த வீட்டுல நாதியத்தவன்னு காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க. "பொழுது சாயறதுக்குள்ள வந்துருடா தம்பி"ன்னு அக்கா ஆள் அனுப்பியிருந்தா. அப்புறம் வையாபுரி, பாப்பாவுக்கு வாங்கின கம்மலை வேட்டி முனையில முடிஞ்சுக்கிட்டு, விடியும்போதே ஆத்தோரப் பாதையில கிளம்பிட்டான். அக்கா கல்யாணத்துக்கு வண்டியில தூங்கிக்கிட்டே போனவன். அவனுக்கு வழி எங்க தெரியும்?

கோடைக்காலம். ஆத்துல சொட்டுத் தண்ணி இல்ல, வெறும் மணல். சரக், சரக்னு நடக்கறான். அப்போ எதிர்க்கரையில ஒருத்தர் வாத்து ஓட்டிக்கிட்டு அவசர அவசரமாப் போறார். குவாக் குவாக் குவாக்!

"ஓடப்பாளையம் எங்கேங்க?"ன்னு இவன் கத்தினான்.

"அக்கரையிலதான்! கூப்பிடு தூரம்!"னு அவர் கத்தினார்.

உடனே இந்த மடையன் மணல்ல இறங்கி எதிர்க்கரைக்குப் போயிட்டான்!

"சரிதானே அத்தை?"

என்ன சரி? அவர் அங்க நின்னு சொன்னார். அவருக்கு அக்கரை எது? இவன் நின்ன கரை!

"ஐயோ!"

ஐயோதான். இவன் கரையேறுறதுக்குள்ள வாத்துக்காரர் வளைவு தாண்டிட்டார். அப்புறம் நடந்தான், நடந்தான். செருப்பு வார் பட்டுனு அறுந்துச்சு. கத்தரிக்காய் பறிக்கிற பொம்பளையைக் கேட்டான். "இப்படியே போங்க, கூப்பிடு தூரம்தான்"னா. மணல்தானே, எங்க வேணா தாண்டிக்கலாம்னு அவ நெனப்பு. அப்புறம் கால்ல முள்ளு நறுக்னு ஏறுச்சு. ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறவரைக் கேட்டான். அவரும் கூப்பிடு தூரம்தான்னார். இந்த ஆத்தங்கரைக்காரங்க வாயில கொள்ளிய வைக்க, ஒரு நாள் முழுக்க நடந்தாலும் அவங்களுக்குக் கூப்பிடு தூரம்தான்! தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

பொழுது சாயுது. டும் டும்னு மேளம் கேக்குது. பார்த்தான். பந்தல், கூட்டம், அக்கா, எல்லாம் எதிர்க்கரையில! சரி, மணல்தானேன்னு ஒரு கால் எடுத்து வச்சான். எங்கியோ கும்ம்ம்னு ஒரு சத்தம். திரும்பினான். நுரையும் செத்தையுமா, ஆத்தோட அகலத்துக்குத் தண்ணி வருது! மேல அணையைத் திறந்துட்டாங்க. அது முன்னாடியே தெரிஞ்சுதான் வாத்துக்காரர் அப்படி ஓடினது. பொதபொதன்னு முழங்காலுக்கு ஏறுச்சு, இடுப்பைப் பிடிச்சு இழுத்துச்சு. ஒரு நாணல் தூரைப் பிடிச்சு, இறங்கின கரையிலேயே ஏறிட்டான்.

அங்க பந்தல்ல, "மாமனைக் காணோம், நேரமாச்சு"ன்னு சொல்லி, அக்கா புருஷனோட அண்ணன் கொழந்தையை வாங்கி மடியில வச்சுக்கிட்டார். ஆசாரி வலது காதுல ஊசியை வச்சார். பாவாயி வாயைப் பொத்திக்கிட்டு அழறா.

அப்போ இவன் அடிவயித்துல இருந்து கூப்பிட்டான் பாரு: "அக்காஆஆஆ!"

ஆசாரிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கை எகிறி, ஊசி கோணலா ஏறிடுச்சு. கொழந்தை வீல்னு கத்துது. எல்லாரும் திரும்பிப் பார்த்தா, தண்ணிக்கு அந்தப் பக்கம், சொட்டச் சொட்ட, மாமன்காரன்!

பாவாயி கொழந்தையைப் பறிச்சுக்கிட்டுக் கரைக்கு ஓடினா. "தம்பி, அங்கயே உக்காருடா!"ன்னு கத்தினா. அவன் சேத்துல சம்மணம் போட்டு, கையை ஏந்தி, மடியைக் காட்டி உக்காந்தான். இவ அவனுக்கு நேரா உக்காந்தா. "ஆசாரி, இந்தக் காது என் தம்பி மடியில. குத்துங்க"ன்னா. ஊசி நேரா இறங்குச்சு. கொழந்தை அழுதது ஆத்தைத் தாண்டி அவனுக்குக் கேட்டுச்சு. "மாமா இருக்கேன்டா கண்ணு!"ன்னு அவன் அழுதது இங்க கேட்டுச்சு.

கம்மல் மட்டும் வர முடியல. தண்ணி வடியற வரைக்கும் வேப்பங்குச்சிதான் சொருகியிருந்தாங்க.

"அந்தப் பாப்பா எங்க அத்தை இப்போ?"

கையைக் குடு. என் இடது காதைத் தொடு. நேரா இருக்கா? இப்போ வலது காது.

"அத்தை! கோணலா இருக்கு!"

கத்தாத, ஊரு முழிச்சுக்கும். கதை கரையேறிடுச்சு, நீ கண்ணை மூடு. நான் இங்கதான் இருக்கேன், கூப்பிடு தூரத்துல.