சிவப்புச் செடி நட்ட தாய்முயல்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் ஞானசௌந்தரி அக்கா. என் இரண்டாவது பெண் பிறந்த ஆவணி மாதம், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தார். அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

ஒரு மலையடிவாரத்தில் ஒரு குளம். குளக்கரையில் ஒரு காரைமுள் புதர். அதற்குள் ஒரு தாய்முயல் குடியிருந்தது. பார்வைக்கு அந்தப் புதர் நன்றாக இராது. ஒரே முள். ஒரே கறுத்த பச்சை. ஆனால் எந்தக் காலத்திலும் அது மொட்டையாக நின்றதில்லை. உள்ளே படுத்துவிட்டால் பருந்துக்கும் தெரியாது, நரிக்கும் தெரியாது.

அந்த முயலின் பிள்ளைகள் மூன்றும் வளர்ந்து ஆளாகி, மலைமேல் நல்ல புல் இருக்கிறதென்று போய்விட்டன. போய் இரண்டு வருஷம். நல்ல பிள்ளைகள்தான். வரவில்லை, அவ்வளவுதான்.

தை பிறந்தால் சுற்றுவட்டத்துக் குட்டைகள் வற்றிவிடும். நரி இந்தக் குளத்துக்குத்தான் தண்ணீர் குடிக்க வரும். முயல் குட்டி போடுவதும் அந்த மாதத்தில்தான். தாய் மேயப் போகும்போது குட்டிகளுக்கு ஒரு காவல் வேண்டும். நரியைக் கண்டதும் காலால் தரையைத் தட்ட ஒரு ஆள் இருந்தால் போதும். தாய் ஓடிவந்து, நரிக்கு முன்னால் பாய்ந்து, அதை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

பக்கத்துப் புல்லில் இருந்த கௌதாரி ஆடி மாதமே சொன்னது.

"அக்கா, இந்தத் தையிலயாவது பிள்ளைகள்ல ஒண்ணைக் கூப்பிட்டு வச்சுக்கோ! நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்!"

"கூப்பிட்டாத்தான் வரணுமா? அதுகளா நினைச்சு வரணும்டி!"

"அதுகளா நினைக்கலேன்னா?"

"நினைக்க வைக்கிறேன் பாரு!"

அந்தச் சமயம் ஒரு மைனா குளத்துக்கு வந்தது. மலைமேல் ஒரு பங்களாத் தோட்டத்தில் அதற்குக் கூடு. வாய் ஓயாது.

"எங்க தோட்டத்துச் செடிகளைப் பார்க்கணுமே! இலையுதிர் காலம் வந்தா பூவே வேண்டாம், இலையே பூ! ஒண்ணு மஞ்சள், ஒண்ணு ஊதா, ஒண்ணு நல்ல சிவப்பு!"

"அதுல எது தூரத்துக்குத் தெரியும்?" என்று முயல் கேட்டது.

"மஞ்சள் காய்ஞ்ச புல்லோட கலந்துடும். ஊதா பொழுது சாய்ஞ்சா இருண்டுடும். சிவப்புதான்! மலை உச்சிப் பாறையில நின்னு பார்த்தாலும் தெரியும்!"

"அப்போ எனக்குச் சிவப்பே கொண்டுவா!"

மைனா கொம்பு கொம்பாகக் கொண்டுவந்து போட்டது. முயல் மண்ணைப் பறித்து வரிசையாக நட்டது. ஆடிச் சாரலில் எல்லாம் துளிர்த்தன. ஆனால் காரைமுள் புதர் மலைப் பக்கத்தை மறைத்து நின்றது. முயல் அதை அடியோடு கடித்துச் சாய்த்தது. மூன்று நாள் கடித்தது. வாயெல்லாம் ரத்தம்.

கௌதாரி பதறியது. "ஐயையோ! இலை சிவக்குறது உதிரப் போறதுக்குத்தான் அக்கா! உதிர்ந்தா நீ எங்கே படுப்பே?"

"அதுக்குள்ள அதுகள் வந்துடும்!"

தை பிறந்தது. செடிகள் அடி முதல் நுனி வரை சிவந்தன. வழிப்போக்குப் பறவைகள்கூட இறங்கிப் பார்த்துவிட்டுப் போயின. அந்த வாரமே முயல் இரண்டு குட்டிகள் போட்டது. சிவந்த இலைகளுக்கு அடியில் அவற்றைப் படுக்க வைத்தது. தினமும் பொழுது சாயும் நேரம் மலையைப் பார்த்து நின்றது. பாறைமேல் மூன்று புள்ளிகள் தெரிந்தன.

"அதோ! பார்த்துட்டாங்க! நாளைக்கு வந்துடுவாங்க!" என்று குட்டிகளிடம் சொன்னது.

நாளைக்கு வந்தது நரி.

"யாருடைய தோட்டம்மா இது? காத தூரத்துலயே தெரியுதே! குளம் எங்கேன்னு தேட வேண்டிய வேலையே இல்லாமப் போச்சு!"

முயல் மூச்சை அடக்கிக்கொண்டது. இலை அடர்த்தியாக இருந்ததால் நரிக்கு எதுவும் தெரியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் போனது.

"இப்பவாவது சொல்லியனுப்பு அக்கா!" என்று கௌதாரி கெஞ்சியது. "ஒரே ஓட்டம், பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடுவேன்!"

போய்ச் சொல்லு என்ற வார்த்தை தாய்முயலுக்கு வாய் வரை வந்தது. பிறகு, "நாளைக்குப் பார்க்கலாம்டி. சிவப்பு இன்னிக்குத்தான் நல்லா எடுப்பா இருக்கு" என்றது.

குட்டிகள் ஓடப் பழக இன்னும் பத்து நாள் வேண்டும். கடவுளே, இந்த இலைகளைப் பத்து நாள் பிடித்து நிறுத்து என்று முயல் வேண்டிக்கொண்டது. மறுநாள் மலைக்காற்று இறங்கியது. இரண்டே நாளில் எல்லா இலையும் கீழே கிடந்தது. வரிசையாக வெறும் குச்சிகள். குச்சிகளுக்கு நடுவே இரண்டு குட்டிகள், உள்ளங்கையில் வைத்த மாதிரி.

முயல் அவற்றை விட்டு அசையவில்லை. ஒரு நாள் பட்டினி கிடந்தது. மறுநாள் பால் வற்றிவிட்டது. குட்டிகள் கத்தின. வேறு வழியில்லாமல் நாலு வாய் புல் கடிக்கப் போனது.

"அக்கா! அக்கா!" என்று கௌதாரி கத்திய கத்தலில் குளமே அதிர்ந்தது. முயல் ஓடிவந்தது. குச்சிகளுக்கு நடுவே ஒன்றும் இல்லை. நரி அடுத்த மேட்டில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

நாலு நாள் கழித்து மலையிலிருந்து மூத்தவன் துள்ளிக்கொண்டு வந்தான்.

"அம்மா! எப்படி இருக்கே? அடடா, எல்லாம் உதிர்ந்துடுச்சா!"

"வாப்பா. சாப்பிட்டியா?"

"ஆச்சும்மா! தினம் பாறையில நின்னு மூணு பேரும் பார்ப்போம். என்ன சிவப்பு, என்ன சிவப்பு! அம்மா குறையில்லாம இருக்கா, தோட்டமெல்லாம் போட்டுச் சந்தோஷமா இருக்கான்னு சொல்லிக்குவோம். அதான் நாங்க யாரும் வரல்லே."

தாய்முயல் அவனையே பார்த்தது.

"இப்போ எதுக்குப்பா வந்தே?"

"ஒரு கொம்பு ஒடிச்சுக் கொடும்மா! எங்க வீட்டு முன்னாலயும் நடணும்!" என்றான். அப்புறம்தான் சுற்றிப் பார்த்தான். "தை மாசமாச்சே, குட்டிகள் எங்கே?"

நடந்ததைத் தாய் சொன்னது. அவன் காது இரண்டும் தொங்கிப் போயின.

"ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருந்தா ஓடி வந்திருப்பேனே அம்மா! அரை நாள் வழிதானே!"

"சொல்லியிருக்கலாம்ப்பா" என்றது தாய்முயல்.

பிறகு எழுந்து போய், வரிசையில் நல்ல கொம்பாகப் பார்த்து ஒன்றை ஒடித்து அவன் முன்னால் வைத்தது. அவன் எடுக்கவில்லை. அம்மாவிடமும் கொடுக்க வேறொன்றும் இல்லை.

தேவையை வாய்விட்டுச் சொல்லாமல் அலங்காரமாகக் காட்டினால், பார்ப்பவர்களுக்கு அலங்காரம்தான் தெரியும், தேவை தெரியாது.

இன்று சாமி கும்பிடும்போது அந்தத் தாய்முயலையும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.