இலைமேல் ஒரு கை

“இந்தக் கையை வெட்டிப் போட்டுறலாமான்னு இருக்கு, அம்மா” என்றார் ஏகாம்பரம்.

தையல்நாயகி அம்மாள் பந்திக்கு வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எந்தக் கை?”

“வலது கை.”

“அப்புறம் எதால சாப்பிடுவீங்க?”

ஏகாம்பரம் அந்தக் கையைப் புரட்டிப் பார்த்தார்.

“சரி, உட்காருங்க. அது என்ன பண்ணிச்சு?”

ஏகாம்பரத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. அம்மாள் அவரைவிட எட்டு வயது இளையவர். சிறுமலை அடிவாரத்தில் இருந்த அந்த மடத்துக்கு அம்மாள்தான் தலைவி. ஏகாம்பரம் அங்கே வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. நாலு மாதமாக இதைத்தான் கேட்க நினைத்தார். இன்றைக்குத்தான் வாய் திறந்தது.

அவர் ஜெர்மனியில் இருந்தவர். திண்டுக்கல் தோல் வியாபாரி ஒருவரின் ஆளாக, ஹாம்பர்க் துறைமுகத்தில் ஒரு தோல் கிடங்கில் பதினோரு வருஷம் வேலை பார்த்தார்.

அந்தக் கிடங்கில் தோலைத் தரம் பிரிக்கிறவர் பெயர் லேவி. வயதானவர், யூதர். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார். இது மழைக்காலத்தில் உரித்த தோல், இதில் உள்பக்கம் கத்தி பட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஏகாம்பரத்துக்கு அந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். முதல் குளிர்காலத்தில் தன் கம்பளிக் கையுறையைக் கழற்றிக் கொடுத்தவரும் அவர்தான்.

பிறகு அந்த ஊர் மாறியது.

முதலில் முடிவெட்டும் கடையில் ஒரு கொடி வந்தது. அடுத்த மாதம் தெரு முழுக்கக் கொடி. ரொட்டிக் கடைக்காரம்மாள் காலையில் வணக்கம் சொல்வதை விட்டுவிட்டு, கையை நீட்டித் தலைவர் பெயரைச் சொன்னாள். பதிலுக்குச் சொல்லாதவர்களுக்கு நேற்றைய ரொட்டி கிடைத்தது. இத்தாலியிலிருந்து வந்த கப்பல்காரர்கள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் ஊரில் இது பத்து வருஷப் பழக்கம், போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள்.

ஒரு நாள் கிடங்கு முற்றத்தில் எல்லோரையும் கூட்டினார்கள். லேவி இனி இங்கே வேண்டாம் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் மேலாளர்.

“நாற்பது கை மேலே போச்சு, அம்மா. என் கையும் போச்சு. நான் அந்த ஊர்க்காரன்கூட இல்ல. தூக்காம நின்னிருந்தா என்னை யாரும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்க.”

“லேவி என்ன செஞ்சார்?”

“எல்லாக் கையையும் ஒரு தடவை பார்த்தார். தொப்பியை எடுத்துத் தலையில வச்சுக்கிட்டுப் போயிட்டார்.”

அம்மாள் இலையைக் கீழே வைத்தார்.

“உசிரோட இருக்காரா?”

“இருக்கார். மகளோட தென் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிட்டார். அங்க இருந்து எனக்கு ஒரு கார்டு போட்டார். இங்கே மாடுகள் நல்ல மாடுகள், தோலில் ஒரு குறையும் இல்லைன்னு எழுதியிருந்தார். கையைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.”

“யார் சொல்லித் தூக்கினீங்க?”

“யாரும் சொல்லல. அதுதான் எனக்கு விளங்கல. அடிச்சுத் தூக்க வச்சிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். ஒரு ஊரே எப்படி அம்மா அப்படி ஆகும்?”

அம்மாள் யோசித்தார்.

“எனக்குத் தெரியல” என்றார். “மணி அடிச்சாச்சு. சாப்பிட வாங்க.”

அந்த மடத்தில் சாப்பிடும்போது யாரும் பேசக்கூடாது. சாதம் வேண்டுமென்றால் இலையின் நடுவைத் தொட்டுக் காட்டலாம். போதும் என்றால் இலைக்கு மேலே கையைக் கவிழ்த்துப் பிடிக்கலாம். பரிமாறுகிறவர் அதைப் பார்த்து நகர்ந்துவிடுவார். முன்காலத்திலிருந்து வந்த வழக்கம் அது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு குருபூஜை அன்று பாயச வாளியை அம்மாளே தூக்கினார். பந்தியே நெகிழ்ந்துபோயிற்று. மறுநாளும் அம்மா கையால்தான் வேண்டும் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அதற்கு மறுநாளும் கேட்டார்கள். அப்படியே நிலைத்துவிட்டது. தினமும் பாயசம், தினமும் அம்மாள்.

அதன்பிறகு பாயசம் வரும்போது மட்டும் யாரும் இலைமேல் கையை வைப்பதில்லை.

ஒரே ஒரு முறை வைத்தியலிங்கம் என்ற தோட்டக்காரர் வைத்தார். அவருக்கு வயிறு சரியில்லை. அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை, நகர்ந்துவிட்டார். ஆனால் முப்பது பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் அவருடைய மணை பந்தியின் கடைசியில் கிடந்தது. யார் போட்டது என்று தெரியவில்லை. அவரோடு பேசுகிறவர்கள் குறைந்தார்கள். ஒரு மாதத்தில் அவராகவே மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார். போ என்று யாரும் சொல்லவில்லை.

இந்தக் கதையை ஏகாம்பரத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்கள். சொன்னவர் தில்லைநாயகம். மடத்து நிர்வாகத்தைப் பார்க்கிறவர். அறிவுரையாகத்தான் சொன்னார்.

பந்தியில் ஏகாம்பரத்துக்குப் பக்கத்து இலை மாசிலாமணியுடையது.

மாசிலாமணி முன்பு மலைக்கிராமங்களுக்குத் தபால் சுமந்து ஓடியவர். இப்போது ஓட்டம் இல்லை. இடது கால் கட்டைவிரலில் ஒரு புண். ஆறவே இல்லை. துணியைச் சுற்றி, அதன்மேல் வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு உட்காருவார்.

ஏகாம்பரம் விசாரித்தபோது, நீரிழிவு என்று ஒத்துக்கொண்டார். இனிமேல் இனிப்பு நாக்கில் பட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம்.

“அப்புறம் ஏன்யா தினமும் குடிக்கிறீர்?”

“அம்மா கையால வர்றது. அது கெடுதல் பண்ணுமா?”

“புண்ணு பெருசாகுதே.”

மாசிலாமணி சுற்றுமுற்றும் பார்த்தார். “வைத்தியலிங்கம் கதை தெரியும்ல?” என்று மெதுவாகச் சொன்னார். “எனக்கு இதை விட்டா வேற இடம் இல்ல, ஏகாம்பரம்.”

ஏகாம்பரம் தில்லைநாயகத்திடம் போய்ச் சொன்னார். தில்லைநாயகம் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் இதெல்லாம் அம்மா காதுக்குப் போகக்கூடாது, அவர் மனம் நோகும் என்றார். எல்லோரும் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது நீர் ஏன் வம்பை இழுக்கிறீர் என்றும் கேட்டார்.

ஏகாம்பரம் அம்மாளிடமே சொல்லிவிடலாம் என்று இரண்டு நாள் காலையில் வாசல்வரை போனார். என்ன என்று அம்மாள் கேட்டதும் ஒன்றுமில்லை அம்மா என்று திரும்பிவிட்டார்.

மூன்றாம் நாள்தான் கையை வெட்டிப் போடுகிறேன் என்று ஆரம்பித்தது. அன்றைக்கும் லேவியைப் பற்றிச் சொன்னாரே தவிர, மாசிலாமணியைப் பற்றிச் சொல்லவில்லை.

இப்போது பந்தியில் உட்கார்ந்திருந்தார்.

சாதம் வந்தது. குழம்பு வந்தது. ரசம் வந்தது. எல்லாம் ஒரு சத்தமும் இல்லாமல் வந்து போயின.

பிறகு பாயசம். வெல்லப் பாயசம். அடுப்பிலிருந்து நேராக வாளிக்கு வந்திருந்தது, ஆவி பறந்தது. அம்மாள் வரிசையின் தலையிலிருந்து ஆரம்பித்தார். ஒரு இலைக்கு ஒரு கரண்டி.

மாசிலாமணியின் கை முழங்கால்மேல் இருந்தது. அது கொஞ்சம் எழும்பியதை ஏகாம்பரம் பார்த்தார். பிறகு அது மறுபடியும் முழங்காலில் படுத்துக்கொண்டது.

எதிர்வரிசையில் எல்லோரும் தங்கள் இலையையே பார்த்தார்கள். புண் எல்லோருக்கும் தெரியும்.

அம்மாள் வந்துவிட்டார். கரண்டி சாய்ந்தது.

மாசிலாமணியின் இலைக்கு மேலே ஒரு கை கவிழ்ந்தது. பாயசம் அந்தக் கையின் புறத்தில் விழுந்து, விரல்களுக்கு நடுவே வழிந்தது.

கை நகரவில்லை.

முப்பது பேரும் திரும்பினார்கள். தில்லைநாயகம் பாதி எழுந்துவிட்டார்.

அம்மாள் வாளியைக் கீழே வைத்தார். அந்தப் பந்தியில் அவர் குரல் கேட்டது அதுதான் முதல் தடவை.

“இது யார் கை?”

ஏகாம்பரமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் கை, அம்மா.”

“இலை அவரோடதாச்சே.”

“ஆமா. அவருக்குப் போதும்.”

தில்லைநாயகம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மாசிலாமணியையே பார்த்துக்கொண்டு நின்றார். மாசிலாமணி மெதுவாக வேட்டியை ஒதுக்கிக் காலைக் காட்டினார். வைத்தியர் சொன்னதையும் சொன்னார்.

“எப்பச் சொன்னார்?”

“மாசியில.”

அது ஆடி மாதம். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி என்று அம்மாளின் உதடு அசைந்தது. அத்தனை நாளும் அவர் கையாலேயே ஊற்றியிருக்கிறார். அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

“நாளைக்கே டவுன் டாக்டர்கிட்டப் போறோம். நானும் வர்றேன்” என்றார்.

“காலை எடுத்துருவாங்களா அம்மா?”

“போய்க் கேட்போம்.”

அப்போது வரிசையின் கோடியில் ஒரு இலைமேல் ஒரு கை கவிழ்ந்தது. பல் இல்லாத ஒரு கிழவருடையது. பிறகு இன்னொன்று. எதிர்வரிசையில் இரண்டு. அம்மாள் ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒருவருக்கு வயிற்று உப்புசம். ஒருவருக்கு விரதம், ஒன்பது வருஷமாக அதை முறித்துக்கொண்டிருந்தாராம். ஒருவர் காரணம் ஒன்றும் இல்லை, வயிறு நிறைந்துவிட்டது, அவ்வளவுதான் என்றார்.

கடைசியாகத் தில்லைநாயகம் உட்கார்ந்தார். தன் இலையைப் பார்த்தார். கையைக் கவிழ்த்தார்.

“உமக்கு என்ன?” என்றார் அம்மாள்.

“எனக்குப் பாயசமே பிடிக்காது, அம்மா. சின்ன வயசுலேர்ந்தே.”

யாரோ சிரித்துவிட்டார். அதை அடக்கப் பார்த்து இன்னொருவர் சிரித்தார். பிறகு பந்தியே சிரித்தது. தில்லைநாயகமும் சிரித்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது.

அம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏகாம்பரத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

“முதல் வருஷம் கை வலிச்சுது. யாராவது போதும்னு சொல்ல மாட்டாங்களான்னு பார்த்தேன்” என்றார். “யாரும் சொல்லல. அப்புறம் எனக்கும் அது பழகிப்போச்சு. அதுக்கப்புறம் பிடிச்சும் போச்சு.”

பிறகு பந்தியின் கடைசிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“வைத்தியலிங்கம் இப்ப எங்க இருக்கார்?”

வத்தலக்குண்டில் ஒரு பூந்தோட்டத்தில் வேலை பார்ப்பதாக ஒருவர் சொன்னார். மடத்தைவிட்டுப் போன பிறகும் ஒருமுறை அவரைப் பார்த்ததாகவும், அம்மாள் சௌக்கியமா என்று அவர் விசாரித்ததாகவும் சொன்னார். இதை இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தவருக்கு, சொன்னதும் தோள் இறங்கியது.

அம்மாள் செம்பை எடுத்து, ஏகாம்பரத்தின் கையை இழுத்துத் தண்ணீர் ஊற்றினார். தோல் சிவந்திருந்தது. இரண்டு விரலுக்கு நடுவே கொப்புளம் கிளம்பியிருந்தது.

“எரியுதா?”

“எரியுது அம்மா” என்றார் ஏகாம்பரம். “நல்லா எரியுது.”

அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.