பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு நல்ல நேரம்

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்க. தலைக்கு மேலே விமானம் பறக்கிற தெருவில் நடந்த கதை, தள்ளி உட்கார்ந்தால் பாதி காதில் விழாது.

ஏர்போர்ட்டை ஒட்டின பொழிச்சலூரில் மெய்யம்மை ஒரு சின்ன மடம் நடத்தினார். அவருக்கு நாற்பது வயசு. சீடர் கோதண்டத்துக்கு அறுபத்திரண்டு. குருவுக்கு வயசு எதுக்கு?

கோதண்டத்தின் ஒரே அக்கா சொர்ணம், டொரண்டோவில் மகன் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். "தம்பிய ஒருதரம் கண்ணால பாத்துடணும்" என்று சொல்லி ஒரு மாசம் ஆச்சு. விசாவும் வந்துவிட்டது. இவர்தான் கிளம்பின பாடில்லை.

ஒரு நாள் காலையில் பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மடத்துக்கு வந்தார்.

"அம்மா, இங்கேருந்து டொரண்டோ பதிமூவாயிரம் கிலோமீட்டர். நடுவுல ஒரு ஊர்ல மாறி ஏறணும். எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு மணி நேரம். நல்ல நேரத்துல ஏறினா ராகு காலத்துல இறக்கி விடறான். நல்ல நேரத்துல இறங்கணும்னா எமகண்டத்துல ஏறச் சொல்றான். பதினேழு விமானம் பாத்துட்டேன்!"

"எந்த ஊர்க் கடிகாரத்துல பாத்தீங்க?"

"ஏறுறதுக்கு நம்மூரு. இறங்குறதுக்கு அவங்க ஊரு."

"நடு ஆகாசத்துல?"

கோதண்டம் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"அட, அதை விட்டுட்டேனே! ரெண்டு நாள் குடுங்கம்மா, அதையும் பாத்துடறேன்."

"அக்கா எப்படி இருக்காங்க?"

"நேத்து போன்ல பேசினா. என் பேரைச் சொல்றதுக்குள்ள மூணு தரம் மூச்சு வாங்கினா."

மெய்யம்மை பஞ்சாங்கத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"நல்ல நேரத்துல கிளம்ப முடியலேன்னா உங்க வீட்ல என்ன செய்வாங்க?"

"பரஸ்தானம் வைப்போம். நல்ல நேரம் பாத்து நம்ம பொருள் ஒண்ணை வேற வீட்ல கொண்டுபோய் வச்சிட்டா, பயணம் அப்பவே புறப்பட்ட கணக்கு. அப்புறம் ஆள் எப்பக் கிளம்பினாலும் தோஷமில்ல. ஆனா மூணு நாளைக்குள்ள கிளம்பிடணும்."

"இப்ப நேரம் எப்படி?"

கோதண்டம் ஆசையாகப் புரட்டினார். "பத்தரை வரைக்கும் அருமையா இருக்கும்மா!"

"என்ன பொருள் வைக்கணும்?"

"தினமும் கையில புழங்குற பொருளா இருக்கணும்."

மெய்யம்மை எழுந்தார். கோதண்டத்தின் கையிலிருந்த பஞ்சாங்கத்தை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று தெருவைத் தாண்டி, எதிர்வீட்டுத் தையல்காரியிடம் நீட்டினார்.

"சரோஜா, ஐயாவோட பரஸ்தானம் இது. ஏர்போர்ட்டுக்குப் போறப்ப வந்து வாங்கிப்பார். நடுவுல கெஞ்சினாலும் குடுக்காதே."

கோதண்டத்துக்கு வெறுங்கை என்னவோ போல் இருந்தது. திரும்பி வந்தவரிடம் கேட்டார்.

"அம்மா, அங்க இறங்குற நேரத்தை இனிமே எதுல பாக்கறது?"

மெய்யம்மை படியிறங்கினார். குனிந்து, மடத்து வாசலில் கோதண்டம் கழற்றிப் போட்டிருந்த செருப்பைத் தன் கையால் எடுத்து, தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.