சர்வேயர் வெட்டிய கரை

குழந்தைசாமி முப்பத்தைந்து வருஷம் நிலம் அளந்த சர்வேயர். அறுபத்தொரு வயதில் தறி படிக்க வந்தார். கற்றுக்கொடுத்தவள் மேகலா, அவருடைய மகளைவிட இரண்டு வயது சின்னவள். அவர் அவளை "டீச்சர்" என்பார். அவள் அவரை "சார்" என்பாள். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

அந்தத் தறிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகப் படிப்பவர் தானே நெய்த துணியில் ஒரு பை தைக்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய், அன்றைக்கு எல்லோருடைய சாப்பாட்டுக்கும் காய் வாங்கி வர வேண்டும். தான் நெய்ததிலேயே காய் வந்து சேர்ந்தால் சொந்தமாக ஒரு தறி. சேராவிட்டால் இன்னும் ஒரு வருஷம் நூல் சுற்ற வேண்டியதுதான்.

ஜன்னலோரத் தறி காலியாக இருந்தது. நான்கு மாதமாக அவர் கண் அதன் மேலேயேதான். ஆசையென்றால் அப்படியோர் ஆசை.

சந்தை நாள் காலையில் பையோடு வந்து நின்றார். நீலமும் சிவப்புமாகக் கோடு போட்ட பை. ஓரமெல்லாம் நூல் பிடித்த மாதிரி நேர்.

மேகலா பையைப் புரட்டி உள்தையலைப் பார்த்தாள்.

"துணியோட கரை எங்க சார்?"

"வெட்டிட்டேனுங்க டீச்சர்."

"எதுக்கு?"

"நூல் போய்த் திரும்பற எடமில்லீங்களா, ஒருக்கா இழுத்துட்டேன், ஒருக்கா விட்டுட்டேன். ரெண்டு கரையும் நெளிஞ்சு நெளிஞ்சு கிடந்துச்சு. பார்க்கவே வெக்கமாப் போச்சுங்க. ஸ்கேல் வெச்சு ரெண்டு பக்கமும் வெட்டிட்டுத்தான் தெச்சேன். இப்பப் பாருங்க, மில்லுத் துணி தோத்துது!"

சட்டைப்பையிலிருந்து புதுக் கத்திரிக்கோலை வேறு எடுத்துக் காட்டினார். அதே சட்டைப்பையில் வெட்டிய கரைகள் இரண்டும் சுருட்டி இருந்தன. துண்டுக் கயிற்றைக்கூடத் தூக்கிப் போட மனசு வராத ஆள் அவர்.

மேகலா திட்டவில்லை.

"போயிட்டு வாங்க சார். பெருசா ஒரு பூசணிக்காயும் சின்ன வெங்காயமும் வேணும்."

பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினார். போகிற மிடுக்கைப் பார்க்க வேண்டுமே!

திரும்பி வந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பூசணி கேரியரில் இருந்தது. வெங்காயம் தோள் துண்டில் மூட்டையாக இருந்தது. பை மட்டும் கசங்கிக் கையில் தொங்கியது.

"பாதி வழியில ஒரு பக்கம் பூராப் பிரிஞ்சு போச்சுங்க. தையல் அப்படியே இருக்குது. துணிதான் நூல் நூலா உருவிக்கிட்டு வந்துருச்சு. வெங்காயம் ரோடு பூரா ஓடுது. நல்லவேளை, பூசணி விழறதுக்குள்ள புடிச்சுட்டேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தறி போச்சுன்னு தெரியுமுங்க டீச்சர். அது கிடக்கட்டும். எள்ளளவும் பிசகாம வெட்டுனேனே, இது ஏன் தாங்கல? அத மட்டும் சொல்லுங்க."

மேகலா சைக்கிளிடம் போனாள்.

"பூசணி என்ன எடை சார்?"

"ஆறு கிலோ இருக்குமுங்க."

"பிரிஞ்ச எடத்துல இருந்து இங்க எவ்வளவு தூரம்?"

"மூணு கிலோமீட்டர். அத்தனையும் குண்டும் குழியும்."

"எதுல கட்டிக் கொண்டுவந்தீங்க?"

சொல்ல வாயைத் திறந்தவர் கேரியரைத் திரும்பிப் பார்த்தார். பூசணியைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக இறுகிக் கிடந்தன அவர் வெட்டிய இரண்டு கரைகளும், அதே நெளிவோடு.

"கயிறு கிடைக்கலீங்க... அவசரத்துக்கு..."

மேகலா முடிச்சை அவிழ்த்தாள். காயைச் சமையலுக்குக் கொடுத்தனுப்பினாள். கரைகளை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"நூல் திரும்பற கரைதான் சார் துணியப் பிரியாமப் புடிச்சு வெக்கும். நீங்க நெய்ததுதான் காயக் கொண்டுவந்து சேர்த்துருக்குது. ஜன்னலோரத் தறியில போய் உட்காருங்க சார்."

அவரால் நம்ப முடியவில்லை. இரண்டடி எடுத்து வைத்தார். பின்னாலிருந்து அவள் கூப்பிட்டாள்.

"அந்தக் கத்திரிக்கோல மட்டும் இங்க வெச்சிட்டுப் போங்க."