மைனா போகாத கிளை

ஏரிக்கரை அரசமரத்தில் ஒரு பெரிய பொந்து இருந்தது. பறவைகள் எல்லாம் தங்கள் தானியத்தில் ஒரு பங்கை அதில் போட்டு வைக்கும். மழையில் யாருடைய கூடாவது விழுந்தால், புதுக்கூடு கட்டும்வரை அந்தக் குடும்பத்துக்கு அதிலிருந்துதான் சாப்பாடு.

எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று சொல்பவருக்கு ஆபத்துக் கணிப்பாளர் என்று பட்டம். அது சும்மா கிடைத்துவிடாது. கணக்கில் தேற வேண்டும். ஐந்து வருட மழைச் சேதத்தை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். கடைசியாக, ஏரிக்குள் நிற்கும் கருவேலமரத்தில், தூக்கணாங்குருவிகளின் கிளையில் ஒரு மழைக்காலம் முழுக்கத் தங்க வேண்டும்.

மைனா பொன்னலகி முதல் இரண்டிலும் முதலிடம். மூன்றாவதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பனைமரப் பொந்தில் சொகுசாக இருப்பவளுக்கு மழையில் நனைய என்ன தலையெழுத்து?

“கணக்குப் போட நான் எதுக்கு நனையணும்?”

“நனைஞ்சாத்தான் பட்டம்!” என்றார் தேர்வு நடத்தும் நாரை.

பொன்னலகி விடவில்லை. நேரே பறவைகளின் கூட்டத்துக்குப் போனாள்.

“அஞ்சு வருஷத்துல விழுந்தது பதினஞ்சு கூடு. அப்படின்னா வருஷத்துக்கு மூணு! மூணு குடும்பத்துக்கான தானியம் இருந்தாப் போதும். மிச்சத்தை இன்னைக்கே பங்கு போட்டுக்கலாம்!”

பங்கு என்றால் யாருக்குத்தான் கசக்கும்? எல்லோரும் சிறகடித்து ஆரவாரம் செய்தார்கள். பட்டம் இல்லாமலே பதவி கிடைத்துவிட்டது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் கருவேலங்கிளை மடாரென்று முறிந்தது. அதில் தொங்கிய பதினைந்து கூடுகளும் ஒரேயடியாகத் தண்ணீரில் விழுந்தன.

பொன்னலகி பதறிப் பறந்து வந்தாள். “வருஷத்துக்கு மூணுதானே!” என்று முனகினாள்.

தூக்கணாங்குருவி செம்பி, நனைந்த குஞ்சுகள் இரண்டையும் அணைத்தபடி நிமிர்ந்தாள். “போன தடவையும் ஒரே நாள்லதான் பதினஞ்சும் விழுந்துச்சு, அக்கா. நாங்க எல்லாரும் ஒரே கிளையில தொங்குறவங்க! அங்க வந்து உட்கார்ந்திருந்தா, கிளை முனகுறது உங்களுக்கும் கேட்டிருக்கும்.”

நான்கு வருடம் ஒன்றுமில்லை, ஒரு வருடம் பதினைந்து: அந்த எண்கள் பொன்னலகிக்கு மனப்பாடம்தான். வகுத்துப் பார்த்தவள், ஒரே வருடத்தில் ஏன் பதினைந்து என்று யாரிடமும் கேட்கவில்லை.

பொந்துத் தானியம் இரண்டே நாளில் தீர்ந்தது. மற்றவர்கள் பங்கைத் தின்று தீர்த்திருந்தார்கள். பொன்னலகி தன்னிடம் இருந்ததையெல்லாம் கொண்டுவந்து கொட்டினாள். போதவில்லை. செம்பியின் குஞ்சுகள் பிழைக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில், யாரும் சொல்லாமலே, அவள் குருவிகளின் புதுக்கிளையில் போய் உட்கார்ந்தாள். காற்றடிக்கும்போதெல்லாம் பயந்தாள்.

மழை விட்டதும் நாரை கேட்டார்: “இப்ப உன் கணக்கு என்ன?”

“பதினஞ்சு! ஒரு கூடுகூட விழாட்டியும், பதினஞ்சு குடும்பத்துக்கான தானியம் எப்பவும் இருக்கணும்.”

இந்த முறை ஆரவாரம் இல்லை. முணுமுணுப்புதான். ஆனால் முதல் ஆளாகத் தானியம் கொண்டுவந்தவள் செம்பி. பொன்னலகி அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வாங்கி வைத்தாள்.

அடிபடுகிறவர்களோடு இருந்து பார்க்காதவர் போடும் கணக்கு, எவ்வளவு சரியாக வகுத்தாலும் தப்பாகத்தான் முடியும்.