துண்டு காய்ந்த அளவுகோல்

"அக்கா, முட்டாள்களோடு எப்படிப் பேசுவது?"

"இப்ப பேசிக்கிட்டுத்தான் இருக்கேன், தம்பி."

சிற்றம்பலத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. அக்காவுக்கு நாற்பத்தொன்று. ஆனாலும் அவர் தம்பிதான், அவள் அக்காதான். அமெரிக்காவின் நடுவயிற்றில், மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் பங்கில் அவள் குடியிருந்தாள். பெயர் கோமளவல்லி. அதைச் சொல்லிப் பார்த்த வெள்ளைக்காரர்களில் இருவருக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டதாம். அதன் பிறகு ஊர் உலகமே "ஆக்கா" என்றது.

ஞானம் தேடி வருகிறவர்கள் அவளிடம்தான் வருவார்கள். பெட்ரோல் தேடி வருகிறவர்களும் வருவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: "தீர்ந்துபோச்சு."

சிற்றம்பலம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன ஊர்?" என்றாள் அக்கா.

"டாப்ஸன்வில். நாற்பது மைல்."

"ஓ, அந்த ஊரா."

டாப்ஸன்வில்லை அந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. அங்கே எல்லாமே குரல் வாக்கெடுப்புதான். கூட்டத்தில் ஒரு விஷயத்தைச் சொல்வார்கள். ஒரு கட்சி "ஆம்" என்று கத்தும், ஒரு கட்சி "இல்லை" என்று கத்தும். எந்தச் சத்தம் பெரிதோ அதுதான் முடிவு. ஒரு பிப்ரவரி மாதம் கோடை வந்துவிட்டது என்று அப்படி முடிவாகி, கம்பளியைக் கழற்றிய பாதி ஊர் ஜலதோஷத்தில் படுத்தது. பிறகு நூலகத்தை மூடலாமா என்று கேட்டார்கள். நூலகத்துக்கு வருகிறவர்கள் பழக்கதோஷத்தில் மெதுவாக "வேண்டாம்" என்றார்கள். மூடிவிட்டார்கள்.

"ஊருக்கு மேலே ஒரு மண் அணை இருக்கு அக்கா. நான்தான் அதைப் பார்த்துக்கிற இன்ஜினியர். அடியில கசியுது. பனி உருகித் தண்ணி ஏற இன்னும் அஞ்சு வாரம். இப்பவே மதகைத் திறந்து மட்டத்தை இறக்கலைன்னா கரை நிக்காது. கீழே நானூறு பேர் இருக்காங்க."

"சொன்னீங்களா?"

"இருநூத்துப் பன்னிரண்டு பக்கம் அறிக்கை எழுதினேன். அட்டவணை, வரைபடம், எல்லாம் போட்டு."

"என்ன ஆச்சு?"

"அணை கசியுதா இல்லையான்னு வாக்கெடுப்பு வச்சாங்க."

அக்கா சிரிக்கவில்லை. உதட்டை மட்டும் உள்ளே மடித்துக்கொண்டாள்.

"ஆர்வில்னு ஒருத்தர். மாட்டு ஏலக்காரர். அவர் 'இல்லை'ன்னு கத்தினா அடுத்த ஊர்ல நாய் குரைக்கும். தண்ணியை இறக்கிட்டா மீன்பிடித் திருவிழா கெட்டுப்போகுமாம். 'புத்தகம் படிச்சவன் பயந்தாங்கொள்ளி'ன்னு சொன்னார். எல்லாரும் கைதட்டினாங்க. அணை கசியலைன்னு தீர்மானம் ஆயிருச்சு."

"அவர் வீடு எங்க?"

"அணைக்கு நேர் கீழே. வேலிக்கு அந்தப் பக்கம்தான் கசிவே."

"உங்க அறிக்கை?"

"காபி மெஷின் வச்ச மேஜை ஆடிச்சு. அதோட காலுக்கு அடியில முட்டுக் கொடுத்துட்டாங்க."

"மேஜை நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"அப்ப உபயோகமான அறிக்கைதான்."

சிற்றம்பலத்துக்கு முகம் சிவந்தது. "நான் ராஜினாமா எழுதி வச்சிருக்கேன், அக்கா. போறதுக்கு முன்னால ஒண்ணு தெரிஞ்சுக்கணும். இவங்களை நம்ப வைக்க ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை."

அக்கா எழுந்தாள். பழைய ஒர்க்ஷாப் கொட்டகையைக் காட்டினாள். உள்ளே தட்டுத் தட்டாகக் கத்தரி நாற்று, தக்காளி நாற்று.

"தினம் காலையில பத்து வாளி ஊத்துங்க. பெட்ரோல் தொட்டியைத் தோண்டிப் போட்டுட்டு அந்தக் குழியில மழைத்தண்ணித் தொட்டி வச்சிருக்கேன். கைப்பம்பு வெளியில இருக்கு. தொட்டி நிறைஞ்சிருக்கு. கவலை வேண்டாம்."

"வார்த்தை?"

"ஊத்துங்க. பார்ப்போம்."

முதல் நாள் பத்து வாளி ஊற்றினார். குளித்தார். ஈரத்துண்டைக் காயப்போட இடம் தேடினார். கதவோரம் இரண்டு ஆணியில், ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு நீளமான ஒரு மரக்கோல் படுக்கையாகக் கிடந்தது. வசதியாக இருந்தது. போட்டார்.

இரண்டாம் நாளும் பத்து வாளி. துண்டு.

மூன்றாம் நாள் பம்பு கொஞ்சம் இருமியது. சிற்றம்பலம் கைப்பிடிக்கு எண்ணெய் விட்டார்.

நான்காம் நாள் எட்டாவது வாளி வர இரண்டு ஆள் பலம் தேவைப்பட்டது. தனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். முப்பது வருடமாகத் தண்ணீரை அளந்து சம்பளம் வாங்கியவர்.

சாயங்காலம் அக்கா கேட்டாள். "தண்ணி எப்படி இருக்கு?"

"தொட்டி நிறைஞ்சிருக்கு, அக்கா."

"நல்லது."

ஐந்தாம் நாள் பம்பு வெறும் காற்றைக் கக்கியது. வாளியில் மூன்று சொட்டு விழுந்தது. நாலாவதற்காக அவர் பத்து நிமிடம் நின்றார். பிறகு கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். கடைசித் தட்டில் கத்தரி நாற்றுகள் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன.

வேகமாக வந்தார். "தொட்டியில சொட்டுத் தண்ணி இல்லை!"

"இருக்காது. வந்த அன்னைக்கே கால் தொட்டிதான்."

"நிறைஞ்சிருக்குன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்."

"பொய்யா?"

"சுத்தப் பொய்."

குருவிடம் கோபப்படலாமா என்று எந்தப் புத்தகத்திலும் அவர் படித்ததில்லை. கடைசியில் கோபப்பட்டுவிட்டார்.

"உங்களை நம்பித்தானே ஊத்தினேன்! தண்ணியில்லாம நாத்து வாடிப்போச்சே!"

அக்கா கதவோரம் கையை நீட்டினாள். "அது என்னது?"

"எது? என் துண்டா?"

"துண்டுக்கு அடியில."

சிற்றம்பலம் துண்டை எடுத்தார். மரக்கோலில் அடியிலிருந்து நுனிவரை கோடு கோடாகச் செதுக்கி, பக்கத்தில் எண் போட்டிருந்தது. பெட்ரோல் பங்க் நடந்த காலத்தில் தொட்டிக்குள் விட்டுப் பெட்ரோல் மட்டம் பார்த்த அளவுகோல். அதைப் போல ஆயிரம் கோலை அவர் கையால் பிடித்திருக்கிறார். தொட்டியின் மூடி அங்கிருந்து ஆறே அடி தூரத்தில்.

"எத்தனை நாள் காயப்போட்டீங்க?"

"அஞ்சு நாள்."

"நல்லாக் காஞ்சுதா?"

அவர் கோலின் கோடுகளை விரலால் தடவினார்.

"உங்க அறிக்கையில எத்தனை பக்கம்னு சொன்னீங்க?"

"இருநூத்துப் பன்னிரண்டு," என்றார் மெதுவாக. நூலகத்துக்காரர்கள் "வேண்டாம்" என்றது போல.

அக்கா உள்ளே போனாள். ஒரு காலி ஊறுகாய் பாட்டிலோடு வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"கழுவி எடுத்துட்டுப் போங்க."

"இதை என்ன செய்யறது?"

"ஊறுகாய் வேணும்னா போடுங்க."

"அந்த ஒரு வார்த்தை?"

"தீர்ந்துபோச்சு, தம்பி."

நாற்பது மைல். பாட்டில் பக்கத்து சீட்டில் உருண்டுகொண்டே வந்தது. முப்பதாவது மைலில் சிற்றம்பலம் காரை ஓரம் கட்டி, பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெயிலில் தூக்கிப் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஆர்வில் வீட்டுக்குப் போனார்.

ஆர்வில் வேலிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். பீப்பாய் உடம்பு, தொப்பி, அதற்குக் கீழே அந்தக் குரல்.

"சிட்!" என்றார். சிற்றம்பலத்தை ஊர் அப்படித்தான் கூப்பிட்டது. வேலிக்கம்பம் அதிர்ந்தது. "அறிக்கையோட ரெண்டாம் பாகமா? எங்க வீட்டு மேஜை ஆடலையே!"

"ஒரு சந்தேகம், ஆர்வில். ஒருத்தன் மாட்டைக் கொண்டுவந்து நாலு வயசுன்னு சொல்றான். என்ன செய்வே?"

"பல்லைப் பார்ப்பேன்."

"சொல்றவன் பெரிய படிப்புப் படிச்சவன்."

"படிச்சவன்னா ரெண்டு தடவை பார்ப்பேன்."

"உன் நண்பன்."

"சிட், எங்க அம்மா மாடு கொண்டுவந்தாலும் வாயைத் திறந்துதான் பார்ப்பேன். நாப்பது வருஷத்துல இந்தக் கை நுழையாத மாட்டு வாய் இந்தச் சுத்துவட்டாரத்துல கிடையாது."

சிற்றம்பலம் வேலிக்கு அப்பால் காட்டினார். அணையின் அடியில், புல்லுக்குள், கட்டைவிரல் கனத்தில் தண்ணீர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அணைக்கு வாய் அங்கே இருக்கு."

ஆர்வில் பார்த்தார். எச்சில் துப்பினார். "அது எப்பவும் ஓடறதுதான். எல்லா மண் அணையும் வேர்க்கும்."

"சரிதான். வேர்க்கும். தெளிஞ்ச தண்ணியா இருந்தா எனக்கும் கவலை இல்லை." பாட்டிலை நீட்டினார். "காலையில ஒரு பாட்டில் பிடி. ஜன்னல்ல வை. மறுநாள் இன்னொண்ணு. ஒரு வாரம்."

"என்ன தெரியும் அதுல?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"நான் படிச்சவன், ஆர்வில். நீயே பாரு."

ஆர்வில் பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. "என்ன எழவு இது?"

"எலுமிச்சை ஊறுகாய். நாலு தடவை கழுவியாச்சு. போகாது."

"உன் மத்த பயமெல்லாம் பொய்யா இருந்தாலும் இது நிஜமாவே பயங்கரம், சிட்."

அந்த ஒரு வாரம் சிற்றம்பலம் ஆர்வில் வீட்டுப் பக்கமே போகவில்லை. ராஜினாமாக் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. இரண்டாம் நாள் போய் எட்டிப் பார்க்கக் காலைத் தூக்கினார். மனைவி, "எங்கே?" என்றாள். காலைக் கீழே வைத்தார். நான்காம் நாள் ஆர்விலின் லாரி மளிகைக்கடை வாசலில் நின்றதையும், காலி ஜாடிகள் இருக்கிறதா என்று அவர் உள்ளே கேட்டதையும் யாரோ வந்து சொன்னார்கள்.

எட்டாம் நாள் ஊர்க் கூட்டம். மீன்பிடித் திருவிழா பற்றிப் பேச.

ஆர்வில் எழுந்தார். ஊர் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானது.

கையில் ஒரு மரப்பெட்டி. அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். ஊறுகாய் பாட்டில் ஒன்று, ஜாடி ஆறு. முதல் பாட்டிலின் அடியில் நகக்கனத்துக்குச் சேறு படிந்திருந்தது. அடுத்ததில் கொஞ்சம் கூட. ஏழாவதில் இரண்டு விரல் கனம். மஞ்சள் மண். டாப்ஸன்வில்லில் அந்த நிற மண் ஒரே இடத்தில்தான் உண்டு, அணையின் வயிற்றுக்குள்.

ஆர்வில் ஏதோ சொன்னார்.

"கேக்கலை!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார்.

ஆர்வில் மறுபடி சொன்னார். மறுபடியும் கேட்கவில்லை. டாப்ஸன்வில் சரித்திரத்தில் ஆர்வில் குரல் கேட்காமல் போனது அன்றுதான். வேறு வழியில்லாமல் ஒவ்வொருவராக எழுந்து முன்னால் வந்தார்கள். மேஜையைச் சுற்றிக் குனிந்தார்கள். ஒரு பெண் ஏழாவது ஜாடியை எடுத்து ஆட்டினாள். மறுபடி தெளியும்வரை எல்லோரும் நின்றார்கள்.

"இது நிஜமா அங்கே பிடிச்சதுதானா?" என்றாள் அவள் ஆர்விலைப் பார்த்து.

"வா, காட்டறேன்," என்றார் ஆர்வில்.

கூட்டம் மொத்தமும் கிளம்பிப் போனது. வாக்கெடுப்பு நடத்த மண்டபத்தில் ஆள் இல்லை. காபி மெஷினும் சிற்றம்பலமும்தான் இருந்தார்கள். அவர் குனிந்து அறிக்கையை உருவினார். மேஜை ஆடியது. ராஜினாமாக் கடிதத்தை எட்டாக மடித்து அந்த இடத்தில் செருகினார்.

மறுநாள் மதகைத் திறந்தார்கள். மீன்கள் பிழைத்தன.

ஒரு மாதம் கழித்து, பனி உருகி மழையும் ஓய்ந்த பிறகு, சிற்றம்பலம் பெட்ரோல் பங்குக்குப் போனார். அக்கா கத்தரி நாற்றைத் தோட்டத்துக்கு மாற்றி நட்டுக்கொண்டிருந்தாள்.

நடந்ததெல்லாம் சொன்னார். அக்கா "ம்" கொட்டிக்கொண்டே மண் அணைத்தாள்.

"சரி, தம்பி. வந்தது வந்தீங்க, பத்து வாளி ஊத்துங்க. தொட்டி நிறைஞ்சிருக்கு."

சிற்றம்பலம் வாளியை எடுக்கவில்லை. கதவோரம் போனார். கோலை எடுத்தார். மூடியைத் திறந்து, அடி தட்டும்வரை இறக்கி, நேராகத் தூக்கி, ஈரம் ஏறிய கோட்டைப் பார்த்தார்.

"நிறைஞ்சுதான் இருக்கு, அக்கா!"

"அப்படியா?"

அக்கா எழுந்து கையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அவரிடமிருந்து கோலை வாங்கினாள். முந்தானையால் ஈரம் போகத் துடைத்தாள். மறுபடி தொட்டிக்குள் இறக்கினாள்.