மூன்று முறை மாற்றிய ஆயில்

ஓடிக் கறுத்த எஞ்சின் ஆயிலைச் சோதித்துச் சொல்லும் கூடம் ஒன்று கோயமுத்தூரில் இருந்தது. ஜெசிந்தா அங்கே வேலை பார்த்தார். வயது முப்பத்திரண்டு. அவரிடம் பாடம் கேட்க வந்த நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தாறு. டீசல் கார் மெக்கானிக். பல்லடம் ரோட்டில் சொந்தப் பட்டறை. சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து சோதனைத் தாளைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். மனிதர் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார்.

அன்றைக்கு அவர் பூவாத்தாளின் டாக்சியில் வந்தார். குவாரிப் பக்கத்து ஊர்களிலிருந்து டயாலிசிஸ் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வண்டி அது. அதை விட்டால் பூவாத்தாளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. எஞ்சின் தேய்ந்துகொண்டே வந்தது. தேய்மானத்தை நிறுத்திக் காட்டுகிறேன் என்று நாச்சிமுத்து வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த வண்டியின் சோதனைத் தாள் மூன்றையும் மேஜையில் பரப்பினார்.

"டீச்சருங்க, முதல்ல வண்டிப் புத்தகத்துல போட்டிருக்கிற ஆயிலை ஊத்துனேன். ஆயில்ல தேஞ்சு கலந்த இரும்பு நாப்பத்திரண்டு. கெட்டியான ஆயிலுக்கு மாத்துனேன். எழுபத்தஞ்சு. இருக்கிறதுலயே விலை கூடுனதை ஊத்துனேன். நூத்திமுப்பது. எந்த ஆயில் ஊத்துனா இது நிக்கும்?"

"சிலிக்கான் எவ்வளவுங்கண்ணா?"

"பதினெட்டு. முப்பத்தொண்ணு. அம்பத்திரண்டு."

"சிலிக்கான்னா?"

"மண்ணுங்க."

"மண்ணைக் கரைக்கிற ஆயில் இருக்குதுங்களா?"

நாச்சிமுத்து யோசித்தார்.

"குவாரி ரோட்டுல ஓடுற வண்டி. தூசி இருக்கத்தானே செய்யும்?"

"ரோட்டுல இருக்கும். எஞ்சினுக்குள்ள எப்படிப் போச்சு?"

"போக வழியே இல்லீங்க. தூசியைத் தடுக்கிற ஏர் ஃபில்டரை வாராவாரம் நானே கழட்டி, கம்ப்ரசர்ல காத்து அடிச்சு மாட்டுறேன். பூவாத்தாளுக்குப் புது ஃபில்டர் செலவே வெச்சதில்லை. இப்ப எடுத்தாலும் புதுசாட்டம் இருக்கும்."

சொல்லும்போது அவருக்குப் பெருமையாக இருந்தது. முப்பது வருஷமாக அப்படித்தான் செய்துவந்தார். அவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவரும் அப்படித்தான் செய்தார்.

ஜெசிந்தா எழுந்து வெளியே போனார். ஃபில்டரைக் கழற்றி எடுத்துவந்தார். நாச்சிமுத்துவைச் சாமான் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஃபில்டரின் பின்னால் டார்ச்சைப் பிடித்தார்.

காகித மடிப்புகளின் ஓரத்தில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தது.

நாச்சிமுத்து எண்ணினார். பத்தொன்பது வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"காத்து அடிச்சு அடிச்சுக் கிழிஞ்ச எடம்," என்றார்.

ஜெசிந்தா டார்ச்சை அணைத்தார். நாச்சிமுத்துவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"டீச்சருங்க, ஆயில் ஒத்துக்கலைன்னு சொல்லிப்போட்டு, கமுக்கமாப் புது ஃபில்டரை மாட்டிரட்டுங்களா? எஞ்சின் பொழைச்சுக்கும். எம்பேரும் கெடாது."

"உங்க பட்டறையில இன்னும் எத்தனை வண்டி ஃபில்டருக்குக் காத்து அடிச்சிருக்கீங்க?"

நாச்சிமுத்து ஃபில்டரை வாங்கிக்கொண்டார். கதவைத் திறந்துகொண்டு நேரே வண்டிக்கு நடந்தார்.

பூவாத்தாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அம்மணி, உன் எஞ்சினைத் தேய்ச்சது நான்தான்," என்று ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னார். ஃபில்டரைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தும் காட்டினார்.

பூவாத்தாள் அதை வெகுநேரம் பார்த்தார்.

"நெசமாவே ஓடுமாண்ணா இது? வாரத்துக்கு மூணு நாள் என்னை நம்பி ஆறு பேரு இருக்காங்க."

"ஓடும். புது ஃபில்டர் என் செலவு. ரெண்டாயிரம் கிலோமீட்டர்ல மறுபடியும் சோதிக்கலாம். இரும்பு குறையலைன்னா எஞ்சினைப் பிரிச்சு நானே வேலை பார்த்துத் தர்றேன்."

"குறையலைன்னா உங்க பட்டறை வாசல் மிதிக்கமாட்டேன்."

"சரி அம்மணி."

நாச்சிமுத்து திரும்பி வந்தார். முகம் வியர்த்திருந்தது. ஆனால் குரல் உறுதியாக இருந்தது.

"சொல்லிட்டேனுங்க. போனதும் பட்டறையில இருக்கிற வண்டி அத்தனையும் பார்த்திருவேன். இப்பவாச்சும் சொல்லுங்க, இதுக்கு எந்த ஆயில் ஊத்தட்டும்?"

ஜெசிந்தா மூன்று தாள்களையும் அடுக்கி அவரிடம் நீட்டினார்.

"முதல்ல ஊத்துனீங்களே, அதையே ஊத்துங்க."